சிவப்பு முத்திரையோடு பொருள் விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நிறுவனங்களின் சிவப்பு நிறப் பொருட்கள் விற்கும்போது அதில் ஒரு பங்கை எய்ட்ஸ் நிதிக்குத் திரட்டும் ரெட் அமைப்பை நடத்துபவர்களுக்கும், அந்தச் சிவப்பு முத்திரையைத் தங்கள் பொருட்களில் பதித்து விற்ற, இன்னும் விற்கிற நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

நான் மருத்துவர் இல்லை. சென்னையில் எச்.ஐ.வி.யுடன் வாழ்வோர் நடத்தும் கூட்டங்களுக்குத் தன்னார்வலராகப் பல வருடங்களாகப் போய்வருகிறேன். மாதாமாதம் ஏ.ஆர்.டி. என்னும் எச்.ஐ.வி. சிகிச்சை மையத்தில் மாத்திரை வாங்க வருபவர்களோடு பழகியதில் ஒன்று நன்றாகப் புரிந்தது. அவர்களுடைய முதல் கவலை நோய் இல்லை. அடுத்த மாதம் மாத்திரை இருக்குமா என்பதுதான். லெசோதோவிலும் ஜாம்பியாவிலும் ருவாண்டாவிலும் இருப்பவர்களுக்கும் இதே கவலைதான் என்று அங்கிருந்து வரும் ஒவ்வொரு செய்தியும் சொல்கிறது. அந்தக் கவலைக்கு உங்கள் முத்திரை என்ன பதில் வைத்திருக்கிறது என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

முதலில், நீங்கள் செய்த நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2006 ஜனவரியில் டாவோஸ் மாநாட்டில் பாடகர் போனோவும் பாபி ஷ்ரைவரும் ரெட் திட்டத்தை அறிவித்தபோது, ஆப்பிரிக்காவில் மாத்திரை கிடைத்தவர்களை விடக் கிடைக்காமல் இறந்தவர்களே அதிகம். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், கேப், கன்வர்ஸ், அர்மானி என்று நான்கு நிறுவனங்களோடு தொடங்கினீர்கள். அதே ஆண்டில் மோட்டோரோலாவும் ஆப்பிளும் சேர்ந்தன. அன்றிலிருந்து 75 கோடி டாலருக்கும் மேல் திரட்டி, ஜெனீவாவில் இருக்கும் குளோபல் ஃபண்ட் என்ற சர்வதேச நிதிக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அந்தப் பணத்திலிருந்து உங்கள் அலுவலகச் செலவுக்கு ஒரு பைசா எடுப்பதில்லை. முழுவதும் சிகிச்சைக்கும் பரிசோதனைக்கும், தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்கும் வேலைக்கும் போகிறது. அந்தப் பணத்தால் உயிரோடு இருப்பவர்கள் இருக்கிறார்கள். அதைக் குறைத்துப் பேசும் எண்ணம் எனக்கு இல்லை.

சரி, இனி கேள்விகளுக்கு வருகிறேன்.

ஒருவர் கடைக்குப் போய்ச் சிவப்பு நிறப் போன் ஒன்றை வாங்குகிறார். தான் கொடுத்த விலையில் எவ்வளவு எய்ட்ஸ் வேலைக்குப் போகிறது என்று அவருக்குத் தெரியுமா? தெரியாது. பெட்டியில் போடவில்லை. ஒரு பங்கு போகிறது என்று மட்டும் சொல்கிறீர்கள். தொடக்கத்தில் கேப் தன் சிவப்புச் சட்டைகளின் லாபத்தில் பாதி என்று சொன்னது. பிரிட்டனில் வந்த அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கார்டு, செலவழித்த தொகையில் நூற்றுக்கு ஒன்று என்று சொன்னது. லாபத்தில் பாதி என்பது ஒரு கணக்கு, செலவில் ஒரு சதவீதம் என்பது வேறு கணக்கு. ஆனால் முத்திரை ஒன்றுதான், நிறமும் ஒன்றுதான். வாங்குபவர் இரண்டையும் ஒரே அளவு உதவி என்றுதான் நினைத்துக்கொள்கிறார்.

எண்ணைச் சொல்வது முடியாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. மேக் அழகுசாதன நிறுவனம் 1994 முதல் விவா கிளாம் என்ற லிப்ஸ்டிக்கை விற்று வருகிறது. அதன் விற்பனை விலை முழுவதும் எய்ட்ஸ் நிதிக்குப் போகும் என்று ஆரம்பத்திலேயே சொன்னார்கள். பல ஆண்டுகளில் 50 கோடி டாலருக்கும் மேல் அப்படிச் சேர்ந்தது. அதுவும் வியாபார நிறுவனம்தான், அதற்கும் விளம்பர லாபம் இருந்திருக்கும். இருந்தாலும் லிப்ஸ்டிக் வாங்கிய பெண்ணுக்குத் தன் பணம் எங்கே போகிறது என்பதில் சந்தேகமே இல்லை. உங்கள் கூட்டாளிகளால் ஏன் அதைச் செய்ய முடியவில்லை?

2007 மார்ச்சில் அட்வர்டைசிங் ஏஜ் என்ற விளம்பரத் துறைப் பத்திரிகை ஒரு கட்டுரை வெளியிட்டது. உங்கள் கூட்டாளிகள் விளம்பரத்துக்கு 10 கோடி டாலர் வரை செலவழித்திருக்கலாம், திரண்டது 1.8 கோடி டாலர்தான் என்றது அது. அந்தக் கணக்கை நீங்கள் மறுத்தீர்கள். விளம்பரச் செலவு அவ்வளவு இல்லை என்றீர்கள். அந்தப் பணம் எப்படியும் விளம்பரத்துக்குத்தான் போயிருக்கும், எய்ட்ஸுக்கு வந்திருக்காது என்றும் விளக்கினீர்கள். அந்த விளக்கத்தில் நியாயம் இருக்கிறது என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அந்தச் சர்ச்சை ஏன் வந்தது? ஒவ்வொரு பொருளுக்கும் எவ்வளவு, ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு எவ்வளவு என்று நீங்களே முன்கூட்டிப் போட்டிருந்தால், வெளியே இருப்பவர்கள் ஊகித்து எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. ஏறத்தாழ இருபது வருடம் ஆகியும் வாங்குபவர் கையில் அந்த எண் இல்லை.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. எய்ட்ஸுக்கான பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றி உங்கள் விளம்பரங்கள் உலகத்துக்கு ஒரு தவறான படத்தைக் காட்டியிருக்கின்றன. வாங்குங்கள், உயிர் பிழைக்கும் என்று சொல்லிச் சொல்லி, ஒரு தலைமுறைக்கே இந்தப் பணம் கடைகளிலிருந்துதான் வருகிறது என்ற எண்ணத்தை ஊட்டிவிட்டீர்கள். உண்மைக் கணக்கு அப்படி இல்லை. 2002இல் தொடங்கிய குளோபல் ஃபண்ட் இதுவரை எய்ட்ஸ், காசநோய், மலேரியா மூன்றுக்கும் சேர்த்து 6,000 கோடி டாலருக்கும் மேல் கொடுத்திருக்கிறது. அதில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் அரசுகள் கொடுத்த பணம், அதாவது பல நாட்டு மக்களின் வரிப்பணம். நீங்கள் திரட்டிய 75 கோடியை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நூற்றில் ஒன்று அளவுக்குத்தான் வரும். பிற நாடுகளின் எய்ட்ஸ் சிகிச்சைக்கு உதவ 2003இல் அமெரிக்க அரசு தொடங்கிய பெப்ஃபார் திட்டம் தனி. அதில் செலவானது 10,000 கோடி டாலருக்கும் மேல். தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகள் தங்கள் மாத்திரைகளைப் பெரும்பாலும் தங்கள் சொந்த வரிப்பணத்திலேயே வாங்குகின்றன. இதையெல்லாம் ஒரு போஸ்டரிலாவது சொன்னீர்களா?

வரி என்றதும் இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உங்கள் கூட்டாளிகளில் அதிகம் கொடுத்தது ஆப்பிள். 2020 வரை ஏறத்தாழ 25 கோடி டாலர் கொடுத்ததாக அந்த நிறுவனமே அறிவித்தது. அதே ஆப்பிள் அயர்லாந்துக்கு 1,300 கோடி யூரோ வரி பாக்கியைச் செலுத்தியாக வேண்டும் என்று 2024 செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உச்ச நீதிமன்றம் இறுதியாகத் தீர்ப்பளித்தது. எட்டு வருடம் நடந்த வழக்கு அது. உங்களைத் தொடங்கிய போனோவின் யு2 இசைக்குழுவும் 2006இல்தான், அதாவது ரெட் தொடங்கிய அதே ஆண்டில்தான், தன் பாடல் உரிமை வியாபாரத்தை வரி குறைவான நெதர்லாந்துக்கு மாற்றிக்கொண்டது. அது சட்டப்படி சரிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் குளோபல் ஃபண்டைத் தாங்கி நிற்பது அரசுகளின் கஜானா. அயர்லாந்தும் அந்த நிதிக்குப் பணம் கொடுக்கும் நாடுதான். கஜானாவுக்குப் போக வேண்டியதைத் தவிர்த்துவிட்டு, அதில் ஒரு சிறு துளியை முத்திரை குத்தி நன்கொடையாகத் தரும்போது, பாராட்டு மட்டும் முழுசாக வந்துவிடுகிறது. இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிற விஷயம். ஏனென்றால் வரியாக வரும் பணத்துக்கு ஒரு நாடாளுமன்றம் பதில் சொல்ல வேண்டும், வருடா வருடம் வந்தாக வேண்டும். நன்கொடைக்கு அந்தக் கட்டாயம் எதுவும் கிடையாது.

அப்புறம், சிகிச்சை உண்மையில் எப்படி ஏழைகளுக்குக் கிடைத்தது என்ற கதை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனென்றால் உங்கள் விளம்பரங்களில் இந்தக் கதையை நான் பார்த்ததே இல்லை.

2000 வாக்கில் மூன்று மருந்து சேர்ந்த எய்ட்ஸ் சிகிச்சைக்கு ஒருவருக்கு வருடத்துக்கு 10,000 டாலருக்கும் மேல் ஆகும். நோய் தெற்கில், மருந்து வடக்கில் என்று உலகம் அதை ஏற்றுக்கொண்டிருந்த காலம். மலிவான மருந்தை இறக்குமதி செய்ய வழி செய்யும் சட்டத்தை 1997இல் தென்னாப்பிரிக்காவின் மண்டேலா அரசு கொண்டுவந்தபோது, 39 மருந்து நிறுவனங்கள் சேர்ந்து அந்த அரசின் மீதே வழக்குப் போட்டன. அதை எதிர்த்து நின்றது 1998 டிசம்பரில் தொடங்கப்பட்ட டிரீட்மெண்ட் ஆக்‌ஷன் கேம்பெய்ன் என்ற நோயாளிகள் இயக்கம். அதன் தலைவர்களில் ஒருவரான ஸாக்கி அக்மத், தானே எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர். அரசு மருத்துவமனையில் எல்லோருக்கும் மருந்து கிடைக்கும்வரை நான் சாப்பிட மாட்டேன் என்று மறுத்து, உடல் நலிந்து நின்றார். 2000 ஜூலையில் டர்பன் எய்ட்ஸ் மாநாட்டு மேடையில், எச்.ஐ.வி.யோடு பிறந்த பதினோரு வயது இன்கோஸி ஜான்சன் எழுந்து, எங்களையும் மனிதர்களாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று பேசினான். அடுத்த ஆண்டு ஜூன் 1 அன்று இறந்துபோனான். 2001 ஏப்ரலில் அந்த 39 நிறுவனங்களும் வழக்கை வாபஸ் வாங்கின. உலகமே பார்க்க நடந்த அவமானத்தைத் தாங்க முடியாமல்தான் வாங்கின.

அதே 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனத்தை நடத்திய யூசுஃப் ஹமீது, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு வருடத்துக்கு 350 டாலருக்கு அந்தக் கூட்டு மருந்தைத் தருவதாக அறிவித்தார். ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் கீழே. மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கொடுக்காத அன்றைய இந்தியச் சட்டத்தால்தான் அது முடிந்தது. அந்த ஒரு அறிவிப்புக்குப் பிறகு விலை இறங்கத் தொடங்கியது. 2023இல் குளோபல் ஃபண்ட் முதல்நிலைச் சிகிச்சையை ஒருவருக்கு வருடத்துக்கு 45 டாலருக்கும் குறைவாக வாங்கும் நிலை வந்தது. 10,000 எங்கே, 45 எங்கே! நீங்கள் திரட்டிய ஒவ்வொரு டாலரும் அத்தனை பேருக்கு மாத்திரையாக மாற முடிந்ததே இந்த விலைச் சரிவால்தான். யாரோ நீதிமன்றத்திலும் தெருவிலும் நின்றதால் கிடைத்த சரிவு அது.

எங்கள் ஊர் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னை மருத்துவக் கல்லூரியில், மருத்துவர்கள் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் செய்த பரிசோதனையில். 1997இல் எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்களே சேர்ந்து தேசிய அளவில் ஒரு கூட்டமைப்பைச் சென்னையில் தொடங்கினார்கள். 2005இல் இந்தியா காப்புரிமைச் சட்டத்தை மாற்றியதும் அடுத்த ஆபத்து வந்தது. கிளாக்ஸோ ஸ்மித்கிளைன் நிறுவனம் காம்பிவிர் என்ற எய்ட்ஸ் மருந்துக்கு இங்கே காப்புரிமை கேட்டது. இரண்டு பழைய மருந்துகளைச் சேர்த்து ஒரே மாத்திரை ஆக்கியது தவிர அதில் புதுசாக ஒன்றும் இல்லை. 2006 மார்ச்சில் அந்தச் சென்னைக் கூட்டமைப்பும் மணிப்பூரின் எச்.ஐ.வி.யுடன் வாழ்வோர் அமைப்பும் சேர்ந்து ஆட்சேபம் தாக்கல் செய்தன. ஆகஸ்டில் நிறுவனம் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது.

தேதியைக் கவனியுங்கள். டாவோஸில் நீங்கள் ரெட்டை அறிவித்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. உங்களைப் பற்றி உலகத்துப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. இவர்களைப் பற்றி எத்தனை பேர் எழுதினார்கள்? ஆனால் அந்த ஆட்சேபம் ஜெயித்திருக்காவிட்டால், இந்தியத் தொழிற்சாலைகளை நம்பி இருந்த ஆப்பிரிக்க நாடுகளும் கூடுதல் விலை கொடுத்திருக்க வேண்டும். மருந்துக்கு அலைந்த நோயாளிகளே சட்டம் படித்து, மனு எழுதி, ஒரு பன்னாட்டு நிறுவனத்தைப் பின்வாங்க வைத்தார்கள். உங்கள் விளம்பரங்களிலோ ஆப்பிரிக்கர் எப்போதும் காப்பாற்றப்படுபவர், காப்பாற்றுபவர் கடையில் நிற்பவர். தன்னைத் தானே காப்பாற்றிக்கொண்டவர்களின் முகத்தை ஒரு முறையாவது காட்டியிருக்கலாம்.

இப்போது அந்தப் பழைய கவலைக்கு வருகிறேன், அடுத்த மாதம் மாத்திரை இருக்குமா என்பதற்கு. எச்.ஐ.வி. சிகிச்சை ஆரம்பித்தால் உயிருள்ளவரை தினமும் சாப்பிட வேண்டும். இடையில் விட்டால் வைரஸ் மறுபடி பெருகும், மருந்துக்கு அடங்காத வைரஸாகவும் மாறலாம். இப்படிப்பட்ட வாழ்நாள் தேவையை நீங்கள் கட்டிவைத்திருப்பது ஒரு பருவத்து நிறத்தின் மேல். அமெரிக்கன் எக்ஸ்பிரஸின் சிவப்புக் கார்டு எப்போதோ போய்விட்டது. ஐபோன் 14 சிவப்பில் வந்தது, 15இலும் 16இலும் அந்தச் சிவப்பு இல்லை. ஏன் நிறுத்தினோம், நின்றுபோன பணத்துக்கு மாற்று என்ன என்று வாங்கியவர்களிடம் யாரும் சொல்லவில்லை. 2020இல் ஆப்பிள் தன் சிவப்புப் பொருட்களின் பங்கைக் குளோபல் ஃபண்டின் கோவிட் நிதிக்குத் திருப்பியது. சில மாதத்துக்கு என்று தொடங்கி, நீட்டி நீட்டி 2022 கடைசி வரை போனது. கோவிட் காலத்தில் எய்ட்ஸ் சிகிச்சை முடங்காமல் காக்கவும் அந்த நிதி உதவியது. முடிவு தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் முடிவெடுத்த மேசையில் மாத்திரை சாப்பிடுபவர்கள் யாராவது இருந்தார்களா என்பதுதான் என் கேள்வி.

2025இல் நடந்ததைப் பார்த்த பிறகு இந்தக் கேள்வி இன்னும் அவசரமாகிவிட்டது. ஜனவரி 20 அன்று அமெரிக்கா வெளிநாட்டு உதவியை 90 நாள் நிறுத்தி வைக்கும் ஆணை பிறப்பித்தது. தென்னாப்பிரிக்காவில் பெப்ஃபார் பணத்தில் இயங்கிய மையங்கள் மூடப்பட்டன, ஆயிரக்கணக்கான சுகாதாரப் பணியாளர்களுக்கு வேலை போனது. உயிர்காக்கும் சிகிச்சைக்கு விலக்கு உண்டு என்று பிறகு அறிவித்தார்கள், ஆனால் ஆள் இல்லாத மையத்தில் மாத்திரையை யார் எடுத்துக் கொடுப்பது? லெசோதோவை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருக்கும் சின்ன மலைநாடு. கேப்பின் சிவப்புச் சட்டைகளில் சில அங்கேதான் தைக்கப்பட்டன. நீங்கள் உதவி செய்யும் நாடுகளில் அதுவும் ஒன்று. அங்கே ஒரே வருடத்தில் உதவிப் பணமும் வெட்டப்பட்டது, அமெரிக்கா 50 சதவீத இறக்குமதி வரியும் அறிவித்தது. பிறகு அதை 15 ஆகக் குறைத்தாலும் அதற்குள் தையல் ஆலைகளுக்கு ஆர்டர் நின்று, பெண்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். சட்டை தைத்தவளுக்கு வேலையும் இல்லை, மாத்திரை கொடுத்த மையமும் இல்லை. அந்த ஆண்டு டிசம்பர் 1 அன்று உலக எய்ட்ஸ் நாளை அனுசரிக்க வேண்டாம் என்று அமெரிக்க வெளியுறவுத் துறை தன் ஊழியர்களிடம் சொல்லிவிட்டது.

உங்கள் தாய் அமைப்பான ஒன் அரசுகளிடம் பேசுகிறது, போனோவும் இந்த வெட்டுகளைக் கண்டித்தார். அதற்கு நன்றி. நான் கேட்பது முத்திரையைப் பயன்படுத்திய நிறுவனங்களை. வாஷிங்டனில் வரிச்சட்டத்துக்காகவும் இறக்குமதி வரிக்காகவும் பேச உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள், கதவுகள் திறக்கின்றன. இருபது வருடமாக எய்ட்ஸின் பெயரில் நல்ல பெயர் சம்பாதித்த நீங்கள், பெப்ஃபாரை வெட்டாதே என்று உங்கள் தலைமை அதிகாரியின் கையெழுத்தோடு ஒரு கடிதம் வெளியிட முடியாதா? ஒரு வரிசைப் பொருளுக்குச் சிவப்பு அடிப்பதை விட அது அதிக உயிர்களைக் காக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மருந்து விலையிலும் உங்கள் மௌனம் எனக்குப் புரியவில்லை. எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும், கிலியட் நிறுவனத்தின் லெனகாபவிர் ஊசியை வருடத்துக்கு இரண்டு முறை போட்டால் போதும். தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்த ஆய்வில் அதைப் போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. 2025 ஜூனில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது அறிவித்த விலை வருடத்துக்கு 28,000 டாலருக்கும் மேல். ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸும் ஹெட்டெரோவும் 2027 முதல் அதையே வருடத்துக்கு 40 டாலர் அளவில் தரப்போகின்றன. நல்ல செய்தி. ஆனால் அப்படி மலிவாக விற்கக் கிலியட் கொடுத்த உரிமம் 120 நாடுகளுக்குத்தான். அந்த மருந்தின் இன்னொரு ஆய்வுக்குத் தங்கள் உடலைக் கொடுத்த பிரேசில், அர்ஜென்டினா, மெக்சிகோ, பெரு நாட்டவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. எய்ட்ஸை முடிப்பதே லட்சியம் என்று சொல்லும் ஒரு அமைப்பு இதைப் பற்றிக் குரல் உயர்த்த வேண்டாமா? உங்கள் கூட்டாளிகளே காப்புரிமையால் வாழும் நிறுவனங்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இதை வெளிப்படையாகக் கேட்கிறேன்.

2024இல் உலகில் 4.08 கோடிப் பேர் எச்.ஐ.வி.யுடன் வாழ்ந்தார்கள். அவர்களில் 3.16 கோடிப் பேருக்குச் சிகிச்சை கிடைத்தது. மீதி 92 லட்சம் பேருக்குக் கிடைக்கவில்லை. அந்த ஓராண்டில் 6.3 லட்சம் பேர் இறந்தார்கள்.

இனி உங்களிடம் நேரடியாகக் கேட்கிறேன். அடுத்த சிவப்புப் பொருள் கடைக்கு வரும்போது, அதன் விலைக்குப் பக்கத்தில் குளோபல் ஃபண்டுக்குப் போகும் தொகையை அச்சிடுங்கள். முத்திரை வேண்டும் என்று வரும் நிறுவனத்திடம் பருவத்துக்கு ஒப்பந்தம் போடாமல், விற்றாலும் விற்காவிட்டாலும் பத்து ஆண்டுக்கு இவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். விலகினால் ஒரு வருடம் முன்பே அறிவித்துவிட்டு விலகட்டும். பணத்தை எங்கே திருப்புவது என்று முடிவெடுக்கும் இடத்தில் எச்.ஐ.வி.யுடன் வாழும் ஆப்பிரிக்கர்களுக்கு வாக்குரிமையோடு இடம் கொடுங்கள். பதிலை அடுத்த டிசம்பர் 1க்குள் எல்லோரும் படிக்கும்படி வெளியிடுங்கள். நாங்களும் படிப்போம், லெசோதோவின் மாசேருவிலும் ஜாம்பியாவின் லுசாகாவிலும் மாத்திரைக்குக் காத்திருப்பவர்களும் படிப்பார்கள்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு தன்னார்வலர்